தம்பிக்கு வில் செய்யும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

தம்பிக்கு உன் கையாலேயே வேட்டை வில் செய்து தரப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் அம்மா மொட்டைமாடிக் காக்கைகளுக்காகக் கவலைப்படத் தொடங்கிவிட்டாள். என் கவலை மரத்தைப் பற்றியது.

அரிசோனாவில் நீ வாங்கி வைத்திருக்கும் ஹிக்கரிப் பலகையைப் படத்தில் பார்த்தேன். நல்ல பலகைதான், ரேகை நேராக ஓடுகிறது, கணு இல்லை. ஆனால் அந்த மரம் காற்றின் ஈரத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும் என்று உன் பட்டறை ஆசிரியர் சொன்னதை ஒரே வரியில் எழுதிவிட்டு, கைப்பிடிக்குத் தோல் சுற்றும் கதைக்குத் தாவிவிட்டாய். விஷயமே அந்த வரியில்தான் இருக்கிறது. உன் ஊரின் வறண்ட காற்றில் விறைப்பாக நிற்கும் வில், ஐப்பசி அடைமழையில் திருவொற்றியூர் வீட்டுச் சுவரில் தொங்கினால் சோர்ந்துவிடும். நாணைக் கழற்றினாலும் வளைந்தே கிடக்கும். மழைக்காலத்தில் நம் வாசற்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ?

ஹிக்கரியில் உனக்கு ஒன்று செய்துகொள். தம்பிக்கு ஓசேஜ் ஆரஞ்சு மரம் தேடு. அது பலாவின் குடும்பம். இழைத்த புதிதில் அதே மஞ்சள், வெயில் பட்டால் பழுப்பு. ஈரத்தை நன்றாகத் தாங்கும். வேலைதான் அதிகம். பட்டையையும் அதன் கீழுள்ள வெள்ளை மரத்தையும் சீவி எடுத்துவிட்டு, உள்ளே வைரம் பாய்ந்த மரத்தில் ஒரே ஓர் ஆண்டு வளையத்தை முனைக்கு முனை அறுபடாமல் விட வேண்டும். அதுதான் வில்லின் முதுகு, இலக்கைப் பார்க்கும் பக்கம். வில்லை வளைக்கும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான். வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் அங்கே சிராய் எழும்பி, வில் முறியும். கணு இருக்கும் இடத்தில் வளையம் மேடேறினால் நீயும் கூடவே ஏறி இறங்கு. எதையும் வழவழப்பாக்கிவிடும் உன் பழக்கத்தை இங்கே விட்டுவிடு.

முதுகு அமைந்தபின் உளியோ அரமோ அதைத் தொடக்கூடாது. மீதி வேலை முழுவதும் வயிற்றுப் பக்கம்தான், அதாவது எய்பவனைப் பார்க்கும் பக்கம். கொஞ்சம் இழுத்துப் பார், வளையாத இடத்தில் மட்டும் சுரண்டு, மறுபடி இழு. வில்லின் இரண்டு கைகளும் ஒரே சீராக வளையும்வரை முழு நீளத்துக்கு இழுக்காதே.

வேட்டை வில் என்றால் இழுக்கும் விசை 40 பவுண்டுக்குக் குறையக்கூடாது என்கிறாய். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தான் வல்வில் ஓரி என்பார்கள். உன் தம்பி நாளெல்லாம் கணினி முன் உட்கார்ந்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை வைக்கோல் பலகையில் அம்பெய்கிறவன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கும்போது இங்கே முயலைக்கூட அடிக்க முடியாது. வேட்டை வில்லின் உருவம் இருக்கட்டும், விசை 30 பவுண்டு போதும். கனமான வில்லைக் கொடுத்தால் அக்காவின் மனம் நோகக்கூடாதென்று தோள் வலியோடு இழுத்துக்கொண்டிருப்பான். அவன் குணம் உனக்குத் தெரியும்.

கொண்டுவரும்போது நாணை ஏற்றாமல் கட்டு. ஐந்தரை அடி நீளத்தை ஏற்பார்களா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடு. இன்னொன்று, அவன் இடதுகைக்காரன். வில்லை வலக்கையில்தான் பிடிப்பான். அம்பு உட்காரும் தட்டை வலப்பக்கம் வெட்டு.

அன்புடன்,
அப்பா