சுவரைப் பூசும் முன் வென்ட் பைப்பைப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. குளியலறைச் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்துக்கொண்டிருப்பதாகவும், கழிவுக்குழாய்க்குள் காற்று வரவிடும் வென்ட் பைப் வீண் செலவு என்று பிளம்பர் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் படித்ததால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

கமோடிலிருந்து பாய்ந்திறங்கும் நீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். கூரைக்கு மேல் திறந்திருக்கும் வென்ட் வழியாக அந்தக் காற்று வராவிட்டால், வாஷ் பேசினின் டிராப்பில், அதாவது வாயுவைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வளைகுழாயில், 5 செ.மீ. அளவே நிற்கும் நீரை அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு சாக்கடை வாயு தடையின்றி அறைக்குள் வரும். என் பழைய வீட்டில் நாற்றத்துக்குக் காரணம் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் பேசின் 'களக் களக்' என்று ஒலிப்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

வென்ட் இருந்தால் மட்டும் போதாது, அது டிராப்புக்கு அருகிலும் இருக்க வேண்டும். இடையிலுள்ள கிடைக்குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு போதும். சரிவு கூடக்கூட நல்லது என்று பலர் நினைக்கிறார்கள்; இந்த இடத்தில் அது தவறு. வென்ட்டை அடைவதற்குள் குழாய் தன் விட்டத்துக்கு மேல் தாழ்ந்துவிட்டால், வென்ட்டின் வாய் டிராப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே போய், ஓடும் நீரே அதை அடைத்துவிடும். 40 மி.மீ. குழாய் அந்தச் சரிவில் 2 மீட்டருக்குள் இந்த எல்லையைத் தொட்டுவிடும் என்பதால், அதற்கு முன்பே வென்ட் வர வேண்டும்; உங்கள் பகுதி விதி இன்னும் குறைவான தூரத்தைச் சொன்னால் அதையே பின்பற்று.

வென்ட்டைக் கழிவுக்குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து, பேசின் விளிம்புக்கு 15 செ.மீ. மேலே போகும் வரை கிடையாகத் திருப்பாமல் ஏற்றச் சொல். அந்த உயரத்துக்குக் கீழேயே கிடையாகத் திருப்பினால், அடைப்பு ஏற்படும் நாளில் அழுக்கு நீர் அதற்குள் ஏறித் தங்கிவிடும். அதைக் கழுவிவிட அங்கே நீரோட்டம் இருக்காது. காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வைப் பிளம்பர் காட்டினால் முழுதும் நம்பிவிடாதே. அழுத்தத்தை அது வெளியே விடாது. டைல்ஸுக்குப் பின்னால் புதைக்கவும் கூடாது.

பூச்சுக்கு முன் வாய்களை அடைத்து, குழாய் முழுதும் நீர் நிரப்பி, 15 நிமிடம் மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார். அளவு நாடாவை வைத்துப் படமெடுத்து எனக்கும் அனுப்பு. அதுவரை கொத்தனாரைக் காத்திருக்கச் சொல்.

உன் அன்பு நண்பன்