செட்டிநாட்டுக் கல்வி அறக்கட்டளைகளுக்கு: படிகம் வளர்க்க ஓர் அறை கொடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பள்ளி, கல்லூரி நடத்தும் அறக்கட்டளைப் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். நம் வட்டார மாணவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தாலும் வந்து படிகம் வளர்க்க ஒரு பொது அறை வேண்டும். எதற்கு என்று கேட்பீர்கள். மயில்துத்தத்திலிருந்தே சொல்கிறேன்.

பள்ளி ஆய்வகத்தில் நீலமாகக் கிடக்கும் அந்தக் காப்பர் சல்பேட்டில், செம்பு அயனி ஒவ்வொன்றிலும் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று உண்டு. எலக்ட்ரானுக்கு இயல்பாகவே உள்ள குட்டிக் காந்த குணத்தைத்தான் ஸ்பின் என்கிறோம், அதன் அளவு அரை. அந்த அயனிகளில் பாதி, காந்த ரீதியாக வரிசை வரிசையாகச் சங்கிலி கோத்திருக்கின்றன. அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிர்த் திசையில் நிற்கப் பார்க்கும். சாதாரணக் காந்தத்தில் ஒரு ஸ்பின்னைப் புரட்டினால் அந்தக் கலக்கம் ஒரே அலையாக நகரும். அதுதான் மேக்னான், ஸ்பின் ஒன்று. ஒற்றை வரிசையில் கதையே வேறு. புரட்டிய இடத்துக்கு இரு பக்கமும் ஒழுங்கு முறிகிறது. அந்த இரண்டு முறிவுகளும் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போய்விடுகின்றன. ஒவ்வொன்றும் அரை ஸ்பின் சுமக்கும் ஸ்பினான். எலக்ட்ரான் உடையவில்லை, அதன் கலக்கம் இரண்டாகிவிட்டது! நியூட்ரானை மோதவிட்டுப் பார்த்தால் கூர்மையான ஒரு கோட்டுக்குப் பதில் அகலமாகப் பரவிய பட்டை தெரிவது இதனால்தான்.

இந்தச் சங்கிலிக்கான கணக்கை ஹான்ஸ் பெத்தே 1931லேயே துல்லியமாகப் போட்டார். மயில்துத்தத்தில் அதைச் சரிபார்த்த அளவீடு 2013ல் வெளிவந்தது. சாதாரணத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களைக் கண்டபடி சிதறடிக்கும் என்பதால், ஹைட்ரஜனின் கனமான வகை சேர்ந்த கனநீரில் வளர்த்த படிகம். ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே, அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிர்வித்து அளந்தார்கள். கணக்கும் அளவீடும் பொருந்தின. எண்ணற்ற துகள்கள் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் இப்படிப் பொருந்துவது அபூர்வம்.

நியூட்ரானுக்கு அணு உலை வேண்டும், சரி. மும்பை டிராம்பேயில் துருவா உலை இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் அங்கே வழி உண்டு. ஆனால் வெறுங்கையோடு போக முடியாது, நல்ல ஒற்றைப் படிகம் கையில் இருக்க வேண்டும். நாம் இடறுவது அங்கேதான். விதைப் படிகத்தை நைலான் நூலில் கட்டி, நிறைகரைசலில் தொங்கவிட்டு, ஊசித்துளை போட்ட தாளால் பீக்கரை மூடி வைக்கிறோம். பகலில் அறை சூடேறினால் விதை கரைந்து முனைகள் மழுங்குகின்றன. இரவில் குளிர்ந்ததும் அடியில் குருணையாகப் படிந்து, அதில் நாலு வந்து விதையோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டுப் படிகம் அளவீட்டுக்கு உதவாது. மாணவர்களின் பொறுமைக்குக் குறைவில்லை, வெப்பநிலைதான் நிலையாக நிற்பதில்லை.

வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் 1930களில் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகங்களைத் தொங்கவிட்டு அவற்றின் காந்த குணத்தை அளந்தார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் மயில்துத்தமும் ஒன்று. நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948ல் அடிக்கல் நாட்டியபோது, அதனால் நாளைக்கே என்ன வரும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஸ்பினானிலிருந்தும் நாளைக்கே விற்கிற பொருள் எதுவும் வராது, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அறிவு வரும், அளக்கத் தெரிந்த பிள்ளைகள் வருவார்கள்.

கேட்பது பெரிய கட்டடம் இல்லை. வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டிகள், காய்ச்சி வடித்த நீர், நல்ல தராசு, ஒரு நுண்ணோக்கி, மின்சாரம் போனாலும் தொட்டி நிற்காதபடி பேட்டரி. அப்புறம் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுநேர ஆள். இவர் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். மயில்துத்தத்தில் கை பழகியதும் காப்பர் பைரசின் டைநைட்ரேட்டுக்குப் போகலாம். அதுவும் தண்ணீர்க் கரைசலில் வளர்வதுதான், இன்னும் சுத்தமான ஸ்பின் சங்கிலி.

அடுத்த கல்வியாண்டுக்கு நிதி ஒதுக்கும்போது நீங்கள் சேர்ந்து உட்கார்ந்து இதைப் பேச வேண்டும். செலவை ஒரே அறக்கட்டளை சுமக்கத் தேவையில்லை. எந்த ஊரில் அறை அமைந்தாலும், மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருக்கும் என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.