பழைய கொழுந்து மடுவத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மாரியம்மன் கோயில் திருப்பணிச் சபையின் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயிலுக்குக் கீழே, தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு நாம் பொறுப்பேற்ற, பறித்த தேயிலைக் கொழுந்தை முன்பு நிறுத்துவந்த கொட்டகையான பழைய கொழுந்து மடுவத்தின் வேலை நிறைவடைந்துள்ளது. கூரைத் தகரம் மாற்றியது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது, நீர்க்கான் வெட்டியது ஆகியவற்றின் விபரம் பொருளாளரின் கணக்கில் உண்டு. உள்ளே அமைந்திருக்கும் தாபனக்கலைப் படைப்பை, அதாவது பொருட்களை இடத்தில் அடுக்கி அமைத்த கலைப்படைப்பைப் பற்றியே அங்கத்தவர் பலரும் கேட்டு வருவதால், அதற்கு விளக்கம் தருவது சபையின் கடமையாகிறது.

அரூப ஓவியர் ஒருவரை அழைத்து, அருகிலுள்ள பாடசாலையின் உயர்தர வகுப்புச் சித்திர மாணவர்களோடு வேலை செய்யுமாறு கேட்டிருந்தோம். மாணவர் முதலில் கொண்டுவந்த மாதிரிப் படங்களில் பெரும்பாலானவற்றில், கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணே இருந்தாள். தேயிலைப் பெட்டிகளில் நெடுங்காலமாக நிற்கும் அவளை மடுவத்திலும் நிறுத்த வேண்டாம் என்று ஓவியர் மறுத்தபோது சபையில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இவ்வறிக்கையை எழுதும் செயலாளரும் அவர்களுள் ஒருவரே. 1943இல் கொழும்பில் உருவான 43 குழு என்ற ஓவியர் குழுவினரும், அவர்களுள் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற்றும் புதுமை செய்தபோதுகூட மனித உருவத்தை விட்டுவிடவில்லையே என்று ஒருவர் வாதிட்டார். ஓவியர் அதை மறுக்கவில்லை. முகத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஆளுக்கு ஓர் அளவைக் கொண்டுவருமாறு மாத்திரம் மாணவரிடம் சொன்னார்.

வந்த அளவுகளில் லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையின் 10 அடிக்கு 12 அடியே மிகுதியாக இருந்தமையால், படைப்பின் தரையளவு அதுவாயிற்று. சுவரில்லாத அந்தச் செவ்வகத்துக்குள், கவ்வாத்தின்போது, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது, வெட்டிய மிலாறுகள் எனும் கிளைகள் நட்டு நிறுத்தப்பட்டு, அவற்றின் மேல் இடுப்பளவு உயரத்தில், கொழுந்தை மட்டமாகப் பறிக்கச் செடிமேல் வைக்கும் மட்டக்கம்புகள் கிடத்தப்பட்டுள்ளன. மேலே தொங்குபவை சாயமேற்றிய சாக்குத் துணிகள்.

சாயத்துக்காக மாணவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தொழிற்சாலைக் கழிவுத் தேயிலை சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதால், லயம் லயமாகச் சென்று குடித்து முடித்த தேயிலைச் சக்கையைச் சேர்த்துக் காய்ச்சினார்கள். அது மண்ணிறம் தந்தது. கறுப்பு வேண்டியபோது, துருப்பிடித்த கவ்வாத்துக் கத்திகளை வினாகிரியில் ஊறவைத்து அந்த நீரைச் சேர்த்தார்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் கருமை பிறக்கும். ஆனால் இரும்பு மிஞ்சினால் நார் இற்றுப்போகும் என்பதை முதலில் தோய்த்த துணிகள் கிழிந்த பின்னரே அறிந்தோம். சாக்குக்கான செலவு இருமடங்கானதற்குக் காரணம் அதுதான். முன்கூட்டியே சிறு துண்டில் சோதிக்குமாறு கேட்காதது சபையின் தவறு.

திறப்பு நாளன்று, இது எதைக் குறிக்கிறது என்று இளையவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெண்கள் எவரிடமும் கேட்காமல் உள்ளே சென்றார்கள். மாணவர் வேண்டுமென்றே சரித்து வைத்திருந்த ஒரு மட்டக்கம்பை மூத்த அம்மா ஒருவர் கையால் நிமிர்த்தி மட்டமாக்கிவிட்டு, மற்றக் கம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதைத் திரும்பச் சரிக்க வேண்டாமென்று ஓவியரும் மாணவரும் சேர்ந்து முடிவு செய்தனர்.

இனிப் பராமரிப்பு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பனிமூட்டமே சாக்கை நனைத்துப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும் என்பதால், மே மாதத்தில் துணிகளைக் கழற்றிக் கோயில் களஞ்சிய அறையில் வைத்து, செப்டெம்பருக்குப் பின் மீண்டும் கட்ட வேண்டும். மிலாறுகளை வண்டு அரித்தால் அடுத்த கவ்வாத்தின்போது மாற்றலாம். மலைநாட்டில் அது நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையே வருமாகையால், இம்முறை வெட்டியவற்றில் ஒரு கட்டு மிலாறுகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். உபயகாரர் பெயர்களை உள்ளே எழுதவேண்டும் என்ற கோரிக்கையைச் சபை ஏற்கவில்லை. அப்பெயர்கள் வெளிச்சுவரில், வாசலுக்கு இடப்புறம் எழுதப்படும்.