பாராசிட்டமால் கொடுத்து அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

காலையில் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்துவிட்டு, உடம்பு சுடவில்லை என்று குழந்தையை மழலையர் பள்ளிக்கு அனுப்புவது பரவலாக நடக்கிறது. அந்த மருந்தின் வேகம் 4 முதல் 6 மணி நேரம்தான். மதியத்துக்குள் காய்ச்சல் திரும்பும். அதற்குள் பொம்மைகள் பல கை மாறி, பல வாய்க்கும் போயிருக்கும். மருந்தில்லாமலேயே 24 மணி நேரம் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அனுப்பலாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாக வாந்தி எடுத்த அல்லது வயிற்றுப்போக்குப் போன நேரத்திலிருந்து 48 மணி நேரம் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இங்கே சானிடைசரை நம்பக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் என்ற கிருமி அதற்கு எளிதில் மசியாது. டயபர் மாற்றியவர் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். சின்னம்மையில் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டிய பிறகே அனுப்ப வேண்டும். கொப்புளம் தோன்றியதிலிருந்து 5 நாளாவது ஆகும்.

வெறும் மூக்கொழுகல்தான், குழந்தை தெம்பாக ஓடியாடுகிறது என்றால் தடை போடுவது வீண். சில பள்ளிகள் அதற்கும் திருப்பி அனுப்புகின்றன. பிறகு பெற்றோர் காய்ச்சலையும் மறைக்காமல் என்ன செய்வார்கள்? சேர்க்கைப் படிவத்திலேயே இந்த விதிகளை அச்சிட்டு, நடுப்பகலில் வந்து அழைத்துப் போகக்கூடிய இரண்டு பேரின் தொலைபேசி எண்களையும் பள்ளிகள் வாங்கி வைக்கட்டும்.