குடியும் கல்லீரலும் எதிர்ப்பாற்றலும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

குடியினால் கல்லீரல் கெட்டு அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களைப் பொதுமருத்துவப் பிரிவில் கவனித்துவரும் மருத்துவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். மது கல்லீரலை நேரடியாக அரித்துவிடுகிறது என்ற அளவிலேயே இந்நோயை நாம் புரிந்துவைத்திருக்கிறோம். நம் வார்டுகளின் நடைமுறையும் அந்தப் புரிதலோடு நின்றுவிடுகிறது. இந்நோயாளிகள் பலரின் உயிரைப் பறிப்பது நோய்த்தொற்று. அதற்கு வழிவிடுவது அவர்களுடைய சீர்குலைந்த எதிர்ப்பாற்றல்.

தொடர்ந்து குடிப்பவரின் குடற்சுவர் இறுக்கம் இழந்து கசியத் தொடங்குகிறது. குடல் பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் அந்தக் கசிவின் வழியே, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரைக்குள் புகுந்து நேராகக் கல்லீரலை அடைகிறது. அங்கே நிலைகொண்டிருக்கும் குப்ஃபர் செல்கள் என்னும் எதிர்ப்பு செல்கள் அதை இனங்கண்டு டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1 பீட்டா போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்க, இன்டர்லூக்கின் 8 இழுத்துவரும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் கல்லீரல் திசுவுக்குள் திரண்டு, ஏற்கெனவே மதுவால் நலிந்திருக்கும் செல்களை மேலும் சிதைக்கின்றன. இதே அழற்சி, கல்லீரலிலுள்ள ஸ்டெல்லேட் என்னும் வகைச் செல்களைத் தூண்டி நார்த்திசுவைப் படியச் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தால் முடிவு, கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ்.

இத்தனை வெள்ளணுக்கள் திரண்டிருந்தும் அவற்றுக்குக் கிருமியைக் கொல்லும் வலு குறைந்திருப்பதுதான் இந்நோயின் கொடுமை. நுரையீரல் அழற்சி, வயிற்றில் கோத்த நீரில் தொற்று, இரத்தத்தில் கிருமி பரவுதல், காசநோய் ஆகியவை இவர்களை எளிதில் பற்றிக்கொள்கின்றன. காய்ச்சலும் வெள்ளணு உயர்வும் கல்லீரல் அழற்சியாலேயே வரக்கூடும் என்பதால், உள்ளே தொற்று இருப்பது மருத்துவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

எதிர்ப்பு மண்டலத்தின் சீற்றத்தை அடக்கிவிட்டால் போதும் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. டி.என்.எஃப். ஆல்ஃபாவை முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோனுடன் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில் கடும் தொற்றுகள் பெருகியதால் அது பாதியில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ஸ்டோபா ஆய்வில், பிரெட்னிசலோன் 28 நாள் இறப்பைச் சற்றே குறைப்பதுபோலத் தோன்றினாலும் அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. 90 நாட்களிலும் ஓராண்டிலும் பலன் எதுவுமில்லை. கடும் தொற்று மட்டும் அம்மருந்து பெற்றவர்களில் 13 விழுக்காடு, பெறாதவர்களில் 7 விழுக்காடு. ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்த சிலருக்கு அது உதவுகிறது. தொற்றைத் தேடிப் பார்க்காமல் அதைத் தொடங்குவதையும், ஸ்டீராய்டு பலன் தருகிறதா என்று காட்டும் லீல் (Lille) மதிப்பெண்ணை ஏழாம் நாளில் கணக்கிட்டுப் பலனில்லாதவர்களுக்கு நிறுத்தாமல் விடுவதையும்தான் தவறு என்கிறேன்.

ஆகவே, மஞ்சள் காமாலையோடும் வயிற்று நீரோடும் சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே இரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை), சிறுநீர்ச் சோதனை, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றோடு வயிற்று நீரையும் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மாவட்ட மருத்துவமனைகள் அனைத்துக்கும் எழுத்துப்பூர்வமான வழிகாட்டுதல் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நீரின் ஒரு கன மில்லிமீட்டரில் 250 நியூட்ரோஃபில்களுக்கு மேல் இருந்தால் கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். இந்த எண்ணிக்கைக்கு ஒரு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஆய்வக நுட்பநரும் போதும்.

ஹெபடைடிஸ் பி, நியூமோகாக்கஸ், இன்ஃப்ளுவென்சா தடுப்பூசிகளைக் குடிநோய் மறுவாழ்வுப் பிரிவுகளிலேயே இலவசமாகப் போட ஏற்பாடு வேண்டும். சிரோசிஸ் முற்றிய பிறகு தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினை மங்கிவிடுவதால் இதில் தாமதம் கூடாது. மதுவை நிறுத்துவதற்கு இணையான மருந்து இன்றுவரை இல்லை. குடல் கசிவும் அழற்சியும் தணிய அதுவே முதல் வழி. ஆனால் நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், “குடியை விடு” என்ற அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல், மனநல மருத்துவர் அதே வார்டுக்கு வந்து பார்க்கும் முறை வேண்டும்.

இவை பெரும்பாலும் நோய் முற்றியவர்களுக்கானவை; அதற்கு முன்பே கண்டறிவதும் தேவை. காமாலை கண்டதும் கீழாநெல்லி கொடுத்துப் பல நாள் பார்த்துவிட்டு, நினைவு தடுமாறிய நிலையில் கொண்டுவரப்படுகிறவர்களை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காமாலைக்கு வெகு முன்பே கல்லீரலில் நார்த்திசு படிந்திருக்கிறது என்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. 2021 முதல் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே செல்லும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள், குடிப்பழக்கத்தைப் பற்றியும் பழித்துரைக்காமல் கேட்டறியலாம். குடிப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் கல்லீரல் நொதிகள், தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து, வயதையும் சேர்த்து, நார்த்திசு படிந்திருக்கும் வாய்ப்பைக் காட்டும் ஃபிப்-4 மதிப்பைக் கணக்கிட்டால், யாரைக் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியே அரசே நடத்திவருகிறது. மதுவிலக்கு வேண்டுமா என்ற விவாதத்துக்குள் இம்மடல் செல்லவில்லை. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், இன்று வார்டில் படுத்திருப்பவருக்கு வயிற்று நீர்ச் சோதனை இன்றே தேவை. வழிகாட்டுதலை வகுக்கக் கல்லீரல், நுண்ணுயிரியல், மனநலத் துறை மருத்துவர்கள் அடங்கிய குழு ஒன்றை அமைத்து, அது எந்தத் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதையும் பொதுவில் அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைப் பொதுமருத்துவர் ஒருவர்