வன்னி விஞ்ஞான ஆசிரியர்களுக்கு: விடை கிடைக்காத ஒரு கேள்வியையும் படிப்பியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு பாடவேளையாவது, உலகத்தில் யாருக்கும் இன்னும் முழு விடை தெரியாத ஒரு கேள்வியைக் கொடுங்கள். பரீட்சையில் வராது, புள்ளி கிடைக்காது, சிலபஸ் முடிக்கவே நேரம் போதாது, எல்லாம் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானம் என்றால் ஏற்கெனவே எழுதி முடித்த விடைகள் என்றே நினைத்து வளர்கிறார்கள்.

என்னைக் கேட்டால் குவாசரைத்தான் எடுப்பேன். ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் இராட்சதக் கருந்துளைக்குள் வாயு சுழன்று விழுகிறபோது கொதித்து வீசும் வெளிச்சம் அது, அந்த மண்டலத்து நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. பெருவெடிப்பு நடந்து சுமார் 69 கோடி வருடங்களிலேயே 80 கோடி சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை இருந்திருக்கிறது. அவ்வளவு கெதியில் அதற்குத் தீனி போட்டது யார்?

இரண்டு மண்டலங்கள் மோதி ஒன்றாகும்போது வாயு தன் சுழற்சியை இழந்து நடுவில் போய் விழும் என்பது பழைய விளக்கம். 2017இல் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அல்மா தொலைநோக்கியால் தொலைதூரக் குவாசர்கள் 6ஐப் பார்த்த குழு, 3க்குப் பக்கத்தில் துணை மண்டலங்களைக் கண்டது. 25ஐப் பார்த்த இன்னொரு குழுவுக்கு 4இன் அருகில் கிடைத்தன, அவை வருடத்துக்கு நூறு சூரியன்களுக்கு மேல் புதிதாக உண்டாக்கிக்கொண்டிருந்தன. தூசி மூடியிருந்ததால் சாதாரண ஒளியில் அவை தெரியவில்லை.

சரி, மோதல்தான் காரணம் என்று எழுதி முடித்துவிடலாமா? மற்ற 3க்கும் மற்ற 21க்கும் என்ன பதில்? 2011இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை வைத்துச் செய்த ஆய்வில், நமக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கும் மண்டலங்களில் கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டு விழித்திருப்பவையும் சும்மா தூங்குபவையும் மோதலால் உருக்குலைந்திருக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. மோதலின் தடயம் அழிந்த பிறகுதான் வெளிச்சம் ஏறுகிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். வாயு நிறைந்த ஆதிகாலத்தைப் பொறுத்தவரை என் மனம் மோதல் பக்கம் சாய்கிறது, ஆனால் இந்தக் கணக்கை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று வாதாடட்டும்.

அப்புறம் இன்னொன்று. தை மாதத்தில் மழை ஓய்ந்தபின், அமாவாசையை ஒட்டிய ஒரு நாளில் அவர்களை வானம் பார்க்கக் கூப்பிடுங்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத இருட்டு எங்களிடம் இன்னும் இருக்கிறது. பொழுதுபட்டதும் வடமேற்கில் அந்திரொமேடா விண்மீன் மண்டலம் மங்கலான திட்டாகத் தெரியும், 25 இலட்சம் ஒளியாண்டு தூரம். இரவு ஒன்பது பத்து மணிபோல் தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே பெரிய மகெல்லன் மேகத்தைத் தேடுங்கள், அது எங்கள் பால்வீதியின் சொந்தத் துணை மண்டலம். குளக்கட்டு நல்ல இடம்தான், ஆனால் யானை வரும் பக்கமென்றால் தெற்கே மரம் மறைக்காத பாடசாலை மைதானம் போதும். லைற்றுகளை மட்டும் நிறுத்திவிடுங்கள்.