ஞாயிறு ஃபிரிஸ்பீ பயிற்சி: பெற்றோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 8.30க்கு தோட்டத்து மைதானத்தில் பிள்ளைகளுக்கு அல்டிமேட் ஃபிரிஸ்பீ, அதாவது பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடித்து இரண்டு அணிகள் ஆடும் விளையாட்டு. 175 கிராம் தட்டு, அணிக்கு 7 பேர், ஆணும் பெண்ணும் சேர்ந்தே. நடுவர் கிடையாது. இடிபட்ட பிள்ளையே ‘ஃபவுல்’ சொல்லும்; மற்றவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பும். போன வாரம் இரண்டு பேர் ஈரப் புல்லில் நின்று பேசித் தீர்த்ததைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது.

1. சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு கொடுத்துவிடுங்கள்.
2. பெண் பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்புங்கள். வீட்டு வேலை இரண்டு மணித்தியாலம் பொறுக்கும்.
3. பார்க்க வரலாம், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அவர்களே பேசட்டும்.
4. பனிமூட்டம் என்றால் 9.30க்குத் தொடக்கம்.

பிள்ளையின் பெயர், வயதை வெள்ளி இரவுக்குள் இங்கே போடுங்கள்.